நேரம் வெச்சு குரூப் சைக்கிளிங் ஈவென்ட் - 60 பேர், 40 கிலோமீட்டர், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

புது_பெடல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாராவாரம் காலைல சேர்ந்து ஓட்டுற குரூப் எங்களது, பத்து பேர்ல ஆரம்பிச்சு இப்ப 60 பேர் ஆயிட்டோம். இந்த தடவை சும்மா ஓட்டாம டைம் வெச்சு ஒரு ஈவென்ட்டா பண்ணலாம்னு பேச்சு வந்துச்சு. யார் எடுத்து நடத்துறதுன்னு கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்துல தண்ணி பாட்டிலை எடுத்து வாய்ல வெச்சுட்டாங்க, அன்னைக்குன்னு பாத்து நான் பாட்டில் கொண்டு போகலை, அதனால இது என் தலையில விழுந்துடுச்சு.

ரூட் 40 கிலோமீட்டர் லூப். முதல் 22 கிலோமீட்டர் சமதளம், அப்புறம் 4 கிலோமீட்டர் மலை ஏத்தம், அப்புறம் 4 கிலோமீட்டர் இறக்கம், மிச்சம் 10 மறுபடி சமதளம். ஆளுங்க கலவை: சமதளத்துல மணிக்கு 33 கிலோமீட்டர்ல போறவங்களும் இருக்காங்க, 20ஐ தாண்டாதவங்களும் இருக்காங்க. சிப் டைமிங் (ஆள் மேல ஒட்டின சிப்பை கோட்டுல உள்ள மெஷின் படிச்சு நேரம் எடுக்கறது) வேணுமா, எல்லாரையும் ஒண்ணா விடலாமா, எத்தனை வாலண்டியர் வேணும்னு ஒண்ணும் தெரியல. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வட்டப்பாதை எழுதியது:

இதுல என்ன குழப்பம் பாஸ். கோடு போடு, விசில் அடி, முதல்ல வர்றவன் ஜெயிச்சான். 60 பேர் ஒண்ணா கிளம்பறதை பாத்தாலே புல்லரிக்கும். நேரம் வெச்சு ஓட்டுறதுன்னா அதான்.

செயின்ஆயில் எழுதியது:

புல்லரிக்கும்தான். அதே 60 பேர்ல ஒருத்தன் ஹாண்டில்பார் இன்னொருத்தன் மேல உரசுனா எல்லாரும் புல்லுலதான் கிடப்பாங்க.

கைக்கடிகாரம் எழுதியது:

தம்பி, சிப்பு, விசிலு எல்லாம் அப்புறம். நான் பல வருஷமா ஃபினிஷ் லைன்ல உக்காந்து நேரம் எடுத்தவ, அதனால ஒண்ணே ஒண்ணு முதல்ல கேக்கறேன். எதை அளக்கப் போறீங்க? நீங்க எதை அளக்கறீங்களோ அதைத்தான் ஜனம் ஓட்டும். மொத்த 40ஐயும் அளந்தா இறக்கத்துலயும் அளக்கறீங்கன்னு அர்த்தம், அப்ப பிரேக் பிடிக்கிறவன் தோத்துப் போவான், அதனால எவனும் பிரேக் பிடிக்க மாட்டான். தெருமுனைல முடிவுக்கோடு போட்டா தெருமுனைல ஸ்பிரிண்ட் அடிப்பான். "நாங்க ஃப்ரெண்ட்லியாதான் பண்றோம்"னு போஸ்டர்ல எழுதலாம், ஆனா ஸ்டாப்வாட்ச் ஒண்ணு ஓடுதுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் ஃப்ரெண்ட்லி எல்லாம் காத்துல போயிடும், நான் பாத்திருக்கேன்.

கூட்டமா விடறது ஒரு வகை. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிமிஷக் கணக்குல விடறது இன்னொரு வகை, பிரிட்டன்ல 1895லேயே இது வந்துடுச்சு, ரோட்ல கூட்டமா ரேஸ் விட்டா போலீஸ் தொல்லைன்னுதான் இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மூணாவது, இத்தனை மணி நேரத்துக்குள்ள வந்துட்டா எல்லாரும் பாஸ், ரேங்க் கிடையாதுங்கற வகை. உங்க கூட்டத்துக்கு எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க.

நீளவழி எழுதியது:

அக்கா சொன்ன மூணாவது வகைல நான் பல வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், அதுக்கு பேர் பிரெவே. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம். ரேங்க் எதுவும் கிடையாது, கார்டுல சீல் வாங்கிட்டு நேரத்துக்குள்ள வந்தா சரி.

இதுல பல பேருக்கு தெரியாத ஒரு விஷயம், சீல் போடற கன்ட்ரோல் பாயிண்ட்டுக்கு மூடற நேரம் மட்டும் இல்ல, திறக்கற நேரமும் உண்டு. 200 கிலோமீட்டர்ல கன்ட்ரோல் 5 மணி 53 நிமிஷத்துக்கு முன்னாடி திறக்காது, அதாவது மணிக்கு 34க்கு மேல சராசரி போட்டு நீ பறந்து வந்தாலும் வாசல்ல நிக்கணும். பறக்கற ஆளை வாயால தடுக்க முடியாது, இப்படி தடுக்கலாம். 60 பேர் கலவைன்னா இதான் பாதுகாப்பு. கொஞ்சம் சப்புன்னு இருக்கும், அதையும் ஒத்துக்கறேன்.

வட்டப்பாதை எழுதியது:

கொஞ்சமா? சீல் வாங்கறதுக்கு தபால் ஆபீஸ் போனா போதுமே சார்.

மலையேறி எழுதியது:

சண்டை வேணாம், நடுவுல ஒரு வழி இருக்கு. பெரிய கிரான் ஃபோண்டோ, அதாவது யார் வேணா பேர் குடுத்து ஓட்டற நீண்ட தூர ஈவென்ட், பல இடத்துல மொத்த தூரத்துக்கும் டைம் எடுக்கறதில்ல, ஏத்தங்களை மட்டும் அளக்கறாங்க. ஏத்தத்தோட அடியில சிப்பை படிக்கற ஒரு மேட், உச்சியில ஒரு மேட், அதுக்கு நடுவுல உள்ள நேரம் மட்டும்தான் கணக்கு. மத்த இடத்துல நீ ஃபோட்டோ எடு, டீ குடி, யாரும் கேக்க மாட்டாங்க.

காரணம் சும்மா இல்ல. ஏத்தத்துல 15ல போறே, இறக்கத்துல 45ல போறே, வேகம் மூணு மடங்குன்னா விழும்போது உடம்பு வாங்கற சக்தி ஒம்போது மடங்கு. ஏத்தத்துல விழுந்தா முட்டி சிராய்ப்பு, இறக்கத்துல விழுந்தா ஆம்புலன்ஸ். அதுவும் இல்லாம ஏத்தத்துல காத்து பெரிய விஷயமே இல்ல, அதனால ஒருத்தன் பின்சக்கரத்தை ஒட்டிக்கிட்டு ஓசியில வர்றது நடக்காது. சொந்தக் கால்ல வரணும்.

வட்டப்பாதை எழுதியது:

ஆங், இப்ப புரியுது யாருக்கு யார் வக்காலத்துன்னு. மலைய மட்டும் அளந்தா அது 55 கிலோ ஆளுங்களுக்கான பரிசளிப்பு விழா. நான் 85 கிலோ. சமதளத்துல என் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு வந்துட்டு மலை வந்ததும் டாட்டா காட்டிட்டுப் போறவங்களுக்கு நான் ஏன் பணம் கட்டி வரணும்?

கைக்கடிகாரம் எழுதியது:

இந்த ஆளு கோவத்துல கேட்டாலும் கேள்வி நியாயம். தலைப்புலயே குரூப்னு போட்டிருக்கீங்க, அப்ப தனித்தனி ஆளா ஏன் அளக்கணும்? குழு டைம் ட்ரயலா பண்ணுங்க. அஞ்சு பேர் ஒரு குழு, 12 குழு. அஞ்சு பேரும் சேர்ந்து கிளம்பறாங்க, மூணாவது ஆளோட முன்சக்கரம் கோட்டை தொடறப்ப வாட்ச் நிக்குது. முதல் ஆளோட நேரம் எடுத்தா ஒரே ஒரு ஹீரோ ஓடிருவான், அஞ்சாவது ஆளோட நேரம்னா மெதுவான ஆளை எல்லாரும் திட்டிக்கிட்டே தள்ளிட்டு வருவாங்க. மூணு சரி.

இப்ப உங்க 85 கிலோவுக்கு வேலை வந்துடுச்சு பாருங்க. 22 கிலோமீட்டர் வரைக்கும் முன்னால நின்னு காத்தை உடைக்கிறது அவர் வேலை, சரியா ஒட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு மூணுல ஒரு பங்கு உழைப்பு வரைக்கும் மிச்சம் ஆகும். மலை அடிவாரத்துல மூணு ஒல்லி ஆளுங்களை இறக்கி விட்டுட்டு அவர் பாட்டு பாடிக்கிட்டே ஏறலாம். ஜெயிச்சா அவருக்கும் அதே மெடல்.

முடிவுக்கோடு மலை உச்சியில போடுங்க, 26வது கிலோமீட்டர்ல. அதோட நேரம் க்ளோஸ். இறக்கமும் மிச்ச 10ம் கணக்குல வேண்டாம், எல்லாரும் ஒண்ணா இறங்கி வீட்டுக்கு போகட்டும்.

வட்டப்பாதை எழுதியது:

...இது நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். கஷ்டமாதான் இருக்கு ஒத்துக்க.

புது_பெடல் எழுதியது:

அக்கா இது சூப்பர். எங்க குரூப்ல சொன்னேன், எல்லாரும் ஓகே. 12 குழு, 3 நிமிஷ இடைவெளி போடலாமா? சிப் வாடகைக்கு எடுக்கணுமா? அப்புறம் யாரை முன்னாடி விடறது, மெதுவானவங்களையா வேகமானவங்களையா? டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல தனித்தனியா விட்டு நேரம் எடுக்கற நாள்ல கடைசி இடத்துல இருக்கறவங்கதான் முதல்ல கிளம்பறாங்க இல்ல?

கைக்கடிகாரம் எழுதியது:

அது டிவிக்கு, சஸ்பென்ஸ் கடைசி வரைக்கும் இருக்கணும்னு. உங்களுக்கு டிவி இல்ல, ரோடு இருக்கு. கணக்கு போட்டு பாருங்க. வேகமான குழு 22ஐ 33ல போனா 40 நிமிஷம், மலை 15ல 16 நிமிஷம், ஆக 56. மெதுவான குழு 20ல 66 நிமிஷம், மலை 8ல அரை மணி, ஆக 96.

மெதுவானவங்களை முன்னாடி விட்டா அவங்க 96வது நிமிஷம் வருவாங்க, 33 நிமிஷம் கழிச்சு கடைசியா கிளம்பற வேகக்காரங்க 89வது நிமிஷம் வருவாங்க. நடுவுல உள்ள எல்லாரும் அதே சமயத்துலதான். 60 பேரும் கொஞ்ச நேரத்துக்குள்ள கோட்டுல குவிவாங்க, நம்பர் எழுதறவங்க பேனாவை தூக்கிப் போட்டுட்டு ஓடிருவாங்க. அது மட்டும் இல்ல, வழியெல்லாம் ஓவர்டேக்கு. 30ல போற குழு 3 நிமிஷம் முன்னாடி போன 27 குழுவை சுமார் பதிமூணரை கிலோமீட்டர்லயே பிடிச்சிடும், அஞ்சு பேர் அஞ்சு பேரை தாண்டறப்ப ரோட்ல பாதியை அடைச்சுக்குவாங்க.

வேகமானவங்க முன்னாடி, மெதுவானவங்க பின்னாடி. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கிற பேச்சே கிடையாது, கோட்டுலயும் தனித்தனியா வருவாங்க. விலை என்னன்னா கடைசி குழு 129வது நிமிஷம் வரும், நீங்க வெயில்ல அவ்வளவு நேரம் நிக்கணும். நின்னுக்கங்க.

சிப் வேண்டாம்னு நான் சொல்வேன், வேற யாராவது வேணும்னு சொன்னா கேக்கறேன்.

மலையேறி எழுதியது:

சிப் பத்தி கொஞ்சம் தெரியும். வாடகைக்கு வர்றது பெரும்பாலும் பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர், நம்பர் அட்டையில ஒட்டியிருக்கும். மேட்டுல உள்ள ஆன்டெனா அனுப்பற அலையிலேயே அது உயிர் வாங்கி பதில் சொல்லும். தண்ணிக்கும் உலோகத்துக்கும் அதுக்கும் ஆகாது, ஈரமான ஜெர்சி, உடம்பு, பிரேம் எல்லாம் நடுவுல வந்தா படிக்காம விட்டுடும். அதனால சிப் எடுத்தாலும் கையால ஒரு பேக்கப் வேணும். 500 பேர் கூட்டமா வந்தா சிப் இல்லாம முடியாது. அஞ்சஞ்சு பேரா மலை உச்சிக்கு 12ல மூச்சு வாங்கிட்டு வர்றவங்களுக்கு பேனா பேப்பரே போதும், நொடிக்கு மூணு மீட்டர்தான், நம்பரை படிச்சு பேரையும் கேட்டு ஊர் எதுன்னும் விசாரிக்கலாம்.

செயின்ஆயில் எழுதியது:

ஜிபிஎஸ்ல ரைடை பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்கு, ரூட்ல ஒரு பகுதியை செக்மென்ட்டா குறிச்சு போட்டா அதுவே நேரம் காட்டும், வேலை முடிஞ்சுதே?

மலையேறி எழுதியது:

விளையாட்டுக்கு ஓகே. மெடல் குடுக்கறதுக்கு ஆகாது. ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு புள்ளிதான் வெக்குது, அந்த புள்ளியும் சில மீட்டர் தள்ளி விழும், மரத்தடியிலயும் மலை ஓரத்துலயும் இன்னும் மோசம். சில பேர் சைக்கிள் கம்ப்யூட்டர்ல ஸ்மார்ட் ரெக்கார்டிங் போட்டிருப்பாங்க, அது நொடிக்கு ஒண்ணு கூட வெக்காது. ஒரே சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வந்த ரெண்டு பேருக்கு ரெண்டு மூணு வினாடி வித்தியாசம் காட்டுறது சாதாரணம்.

வட்டப்பாதை எழுதியது:

ரெண்டு மூணு வினாடிதானேன்னு சொல்லக்கூடாது. 1989 டூர் டி பிரான்ஸ்ல லெமாண்ட் ஃபின்யோனை தோற்கடிச்சது 8 வினாடியில. மூணு வாரம் ஓட்டி 8 வினாடி.

செயின்ஆயில் எழுதியது:

நம்ம 26 கிலோமீட்டர்ல ரெண்டு தடவை செல்ஃபி எடுப்போம் பாஸ்.

கைக்கடிகாரம் எழுதியது:

கையால நேரம் எடுக்கறதுக்கு ஒரு பழைய தந்திரம் சொல்றேன். நம்பரே நேரமா இருக்கணும். ஒரே ஒரு வாட்ச், முதல் குழு கிளம்பறதுக்கு 3 நிமிஷம் முன்னாடி அதை ஓட விடணும். ஒண்ணாம் குழு 3வது நிமிஷம், ரெண்டாம் குழு 6வது, ஏழாம் குழு 21வது நிமிஷம் கிளம்பும். உச்சியில வாட்ச் என்ன காட்டுதோ அதுல இருந்து குழு நம்பர் பெருக்கல் மூணை கழிச்சா அவங்க நேரம். ஏழாம் குழுவோட மூணாவது ஆள் 1:32:40க்கு வந்தா 21 போக 1:11:40. தனியா ஸ்டார்ட் டைம் எழுதி வெச்சு தொலைக்கிற வேலை இல்ல. லேட்டா வந்த குழுவுக்கு தனி கணக்கும் கிடையாது, அவங்க நேரம் அவங்க கிளம்ப வேண்டிய நிமிஷத்துல இருந்து ஓடிட்டு இருக்கும்.

ஆளுங்க நம்பரும் அப்படியே, ஏழாம் குழுன்னா 71லிருந்து 75. கடைசி இலக்கம் ஆள், முன்னாடி உள்ளது குழு. 124ன்னா பன்னெண்டாம் குழுல நாலாவது ஆள்.

வாட்ச் ரெண்டு வேணும், ரெண்டையும் ஒரே சமயத்துல அமுக்கி ஓடவிட்டு ஒண்ணை ஒருத்தர், இன்னொண்ணை வேற வண்டியில வேற ஒருத்தர் மலை உச்சிக்கு எடுத்துட்டு போகணும். ஒரு ஈவென்ட்ல எங்க கூட இருந்த ஒரு நல்ல மனுஷன், முதல் குழு கோட்டை தொட்டதும் சந்தோஷத்துல வாட்சை நிறுத்திட்டார். அன்னைக்கு ரெண்டாவது வாட்சும் அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு, அதை ஓடவே விடலை. மிச்சம் அத்தனை பேருக்கும் நேரத்தை ஃபோன்ல எடுத்த படத்தோட டைம் பாத்து பாத்து எழுதினோம். ஸ்டாப் பட்டன் மேல டேப் ஒட்டுங்க, வெக்கப்படாதீங்க.

எழுதறப்ப ஒருத்தர் நம்பரை சத்தமா கூப்பிடணும், ஒருத்தர் வாட்சை படிக்கணும், ஒருத்தர் எழுதணும். ஒரே ஆள் மூணும் பண்ணா குனிஞ்சு எழுதற நேரத்துல ரெண்டு பேர் தாண்டிருப்பாங்க. நம்பர் தெரியலைன்னா நேரத்தை எழுதிட்டு பக்கத்துல கேள்விக்குறி போடுங்க. நம்பரை அப்புறம் கண்டுபிடிக்கலாம், விட்டுப்போன நேரத்தை எங்க போய் தேடுவீங்க.

மலையேறி எழுதியது:

கூடவே ஒரு ஃபோனை ஸ்டாண்டுல வெச்சு கோட்டுக்கு நேர் பக்கவாட்டுல வீடியோ போட்டு விடுங்க, முதல் ஃப்ரேம்ல அந்த வாட்சை காட்டிட்டு. வினாடிக்கு 30 ஃப்ரேம், மலை உச்சி வேகத்துக்கு ஃப்ரேமுக்கு பத்து சென்டிமீட்டர்தான் நகரும், எந்த சண்டையையும் தீர்த்துடலாம். ஃபிளைட் மோட்ல போடணும், இல்லன்னா முக்கியமான நேரத்துல லோன் வேணுமான்னு ஒரு கால் வந்து வீடியோ கட் ஆகும்.

கடைசி_ஆள் எழுதியது:

இவ்வளவு நேரம் படிச்சிட்டுதான் இருந்தேன். என் பேரை பாத்தாலே தெரியும், நான் எந்த ரைடுலயும் கடைசி. என் பக்கமிருந்து ரெண்டு வார்த்தை.

போன வருஷம் ஒரு ஈவென்ட் போனேன், எந்த ஈவென்ட்னு வேணாம். முன்னாடி கூட்டம் போனதும் திருப்பத்துல நின்னுட்டு இருந்த வாலண்டியர் எல்லாம் "முடிஞ்சுது"ன்னு கிளம்பிட்டாங்க. நானும் இன்னொரு பொண்ணும் ஒரு நாற்சந்தியில நின்னு எந்தப் பக்கம்னு தெரியாம முழிச்சோம், தப்பான பக்கம் ஒம்போது கிலோமீட்டர் போனோம். திரும்பி வந்தா ஃபினிஷ் லைனே இல்ல, கழட்டி வண்டியில ஏத்திட்டாங்க. தண்ணி குடுக்கற இடத்துல காலி கேன் மட்டும் இருந்துச்சு. பணம் மட்டும் எல்லார்கிட்டயும் சமமாதான் வாங்கினாங்க.

அதனால, கடைசி ஆளுக்கு பின்னாடி ஒரு ஆள் கட்டாயம் வரணும், அவர் தாண்டினப்புறம்தான் எந்த வாலண்டியரும் இடத்தை விட்டு நகரணும். கட்-ஆஃப் வெக்கறீங்களா, வைங்க, எனக்கு கோவம் இல்ல, ஆனா முன்னாடியே சொல்லிடுங்க. உச்சியில வந்து "நேரம் முடிஞ்சுது"ன்னு சொல்றதை விட மலை அடிவாரத்துலயே சொன்னா நான் பாட்டுக்கு திரும்பிடுவேன்.

ரெண்டாவது, எங்க குழு ஜெயிக்காதுன்னு எங்களுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். எங்களுக்கும் விளையாட ஏதாவது வேணும்ல? ஒவ்வொரு குழுவும் எவ்வளவு நேரத்துல உச்சிக்கு வருவோம்னு முன்கூட்டியே எழுதி கவர்ல போட்டு குடுக்கட்டும். சொன்ன நேரத்துக்கு யார் கிட்டக்க வர்றாங்களோ அவங்களுக்கு ஒரு பரிசு. கடிகாரம், கம்ப்யூட்டர், ஃபோன் எதையும் பாக்கக்கூடாது.

நீளவழி எழுதியது:

அருமை. நாங்க பழைய ஆளுங்க இதை முன்னாடி விளையாடியிருக்கோம். தன் உடம்பை யார் சரியா தெரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு அதுல தெரிஞ்சிடும், வேகக்காரங்கதான் அநேகமா மாட்டுவாங்க.

கைக்கடிகாரம் எழுதியது:

தங்கம்மா நீ. முதல் பரிசுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இதுக்கும் குடுக்கணும், ஆறுதல் பரிசு மாதிரி குடுத்தீங்கன்னா நானே வந்து கேப்பேன்.

புது_பெடல் எழுதியது:

ரெண்டையும் வெச்சிட்டோம். கட்-ஆஃப் மலை அடிவாரத்துல, அவங்க கிளம்பின நேரத்துல இருந்து 88 நிமிஷம், அதாவது 15 சராசரி. லூப்ல அஞ்சு திருப்பம் இருக்கு, எல்லாத்துலயும் ஆள். போலீஸ் பெர்மிஷன் இன்னும் கேக்கலை, ரெண்டு வாரம் போதும்ல?

நீளவழி எழுதியது:

ரெண்டு வாரமா! தம்பி, பெர்மிஷன் வாங்கிட்டுதான் தேதியே அறிவிக்கணும். ரோடு போலீஸ் கைல, மலை ரோடு வனத்துறை கைல இருக்கலாம், உள்ளாட்சி வேற, ஒவ்வொரு மேசையா காகிதம் நகரணும். ரெண்டு மூணு மாசம் வெச்சுக்கங்க. பல இடத்துல ரேஸுக்கு ஒரு சட்டம், கூட்டமா ஓட்டறதுக்கு ஒரு சட்டம், நேரம் எடுக்கறீங்கன்னா எதுல வருதுன்னு நேர்ல போய் கேளுங்க, மறைச்சு எழுதாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல படிக்கறது அந்த விண்ணப்பத்தைத்தான்.

உங்க வாலண்டியருக்கு வண்டிகளை நிறுத்தற அதிகாரம் கிடையாது, அது போலீஸ் வேலை. இவங்க ஓட்டறவங்களுக்கு வழி காட்டலாம், எச்சரிக்கலாம், அவ்வளவுதான். லூப்பை எந்தப் பக்கமா சுத்தறீங்கன்னும் பாருங்க, எதிர்ல வர்ற வண்டிகளை குறுக்கால வெட்டாம திரும்பற பக்கமா சுத்தினா பாதி ஆபத்து அங்கேயே போயிடும். ஆள் கிடைக்குதோ இல்லையோ இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

செயின்ஆயில் எழுதியது:

மெக்கானிக்கா நான் சொல்றது: கிளம்பற இடத்துல நான் நின்னா ஒவ்வொரு வண்டியிலயும் பிரேக், டயர், ஹாண்டில்பார் முனைல மூடி, மூணையும் பாப்பேன். மூடி இல்லாத ஹாண்டில்பார் குழாய் வயித்துல குத்துச்சுன்னா அவ்வளவுதான். ஹெல்மெட் இல்லன்னா மாமனாரா இருந்தாலும் விடக்கூடாது. முழங்கை வெச்சு ஓட்டற ஏரோ பார் குழுவுக்குள்ள வேண்டாம், பிரேக்குக்கு கை போய் சேர்றதுக்குள்ள முன்னாடி இருக்கறவன் பின்சக்கரம் வந்துடும். முக்கியமா, முந்தின நாள் ராத்திரி புது செயின் மாட்டிட்டு வராதீங்கப்பா. ஒவ்வொரு ஈவென்ட்லயும் ஒருத்தன் பண்றான்.

(மட்டுறுத்துநர்: ஏரோ பார் விவாதம் 14 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டது. இங்கே ஈவென்ட் பத்தி மட்டும்.)

புது_பெடல் எழுதியது:

மூணு மாசம் ஆச்சு, இழை மேல வருது. நடந்து முடிஞ்சுது! இதோ ரிப்போர்ட்.

58 பேர் வந்தாங்க, 2 பேர் வரலை. காலைல 5:57க்கு வாட்ச் ரெண்டையும் ஓடவிட்டோம் (டேப் ஒட்டிதான் அக்கா), 6:00க்கு முதல் குழு. ஸ்டார்ட் அழகா போச்சு. 4வது குழு 40 வினாடி லேட், கழிப்பறை வரிசை. அடுத்த தடவை அதுக்கு ஒரு திட்டம் வேணும், 60 பேருக்கு ஒரே ஒரு டாய்லெட்னு யோசிக்காம விட்டுட்டேன்.

முதல்ல வந்தது வட்டப்பாதை அண்ணனோட குழு, 58:20. ஆமா, நம்ம வட்டப்பாதையேதான், இழையை படிச்சிட்டு வந்து சேந்துட்டார். ரெண்டாவது குழு 58:31, அவங்க எங்க மூணாவது ஆள் முன்னாடியே வந்துட்டான்னு சண்டைக்கு வந்தாங்க. எழுதின தாள்ல 23க்கு பதிலா 28னு இருந்துச்சு, அப்படி ஒரு நம்பரே கிடையாது. வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி பாத்தோம், நேரம் சரி, நம்பர்தான் தப்பா கேட்டிருக்கு. மலையேறி சகோவுக்கு நன்றி.

ரிசல்ட் போடறப்ப ஒரு கூத்து. ஸ்ப்ரெட்ஷீட்ல 58:20ன்னு அடிச்சேன், அது 58 மணி 20 நிமிஷம்னு எடுத்துக்கிச்சு. சராசரி வேகம் மணிக்கு 0.45 கிலோமீட்டர்னு வந்ததை அப்படியே குரூப்ல போட்டுட்டேன். 0:58:20ன்னு அடிக்கணுமாம். அந்த ஸ்க்ரீன்ஷாட் இப்ப ஸ்டிக்கரா சுத்திட்டு இருக்கு.

பெரிய பயம் ஒண்ணு. கடைசி குழு மேல வந்தப்புறம் எண்ணினா 57 பேர்தான். 93ம் நம்பர் இல்ல. பின்னாடி வந்த ஆள் யாரையும் பாக்கலைங்கறார், ஃபோன் எடுக்கலை. ஒரு வண்டிய இறக்கத்துல அனுப்பினோம், இன்னொண்ணை திரும்ப ஸ்டார்ட் வரைக்கும் அனுப்பினோம், எனக்கு கை கால் ஓடல. கடைசில பாத்தா அவர் 15வது கிலோமீட்டர்ல பங்சர் ஆகி, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு போய் தூங்கிட்டு இருக்கார். அவர் மேல தப்பு இல்ல, பாதியில நின்னா இந்த நம்பருக்கு சொல்லுன்னு நாங்க எங்கயும் எழுதலை. அடுத்த தடவை ஒவ்வொருத்தர் நம்பர் அட்டை பின்னாடியும் எங்க ஃபோன் நம்பர், அவங்க வீட்டு நம்பர் ரெண்டும்.

கடைசி_ஆள் எழுதியது:

இந்த ஆள் முக்கியமானதை எழுதாம விட்டுட்டார் பாருங்க. கவர் பரிசு எங்க குழுவுக்கு!! பதினொண்ணாம் குழு. 1:34:00ன்னு எழுதி குடுத்தோம், 1:34:11க்கு வந்தோம். ஒரு கிலோமீட்டர் முன்னாடி நாங்க சீக்கிரம் வந்துட்டோமோன்னு ஒரே வாக்குவாதம், யார்கிட்டயும் வாட்ச் இல்ல, நிழல் நீளத்தை பாத்து ஒருத்தி கணக்கு சொன்னா. வட்டப்பாதை குழு 55:00ன்னு எழுதியிருந்தாங்களாம், மூணு நிமிஷம் இருவது வினாடி பொய்.

நாங்க மேல போறப்ப எல்லா திருப்பத்துலயும் ஆள் இருந்தாங்க. தண்ணியும் இருந்துச்சு.

வட்டப்பாதை எழுதியது:

பொய் இல்லம்மா, எதிர்காத்து. 22 கிலோமீட்டர் அதை உடைச்சவன் நான், எனக்கு தெரியும். மலையில 85 கிலோவை தூக்கிட்டு வந்து சேர்றப்ப எங்க மூணு பேரும் மெடலே வாங்கிட்டாங்க, ஆனா சொன்ன மாதிரி எனக்கும் ஒண்ணு இருந்துச்சு.

கைக்கடிகாரம் எழுதியது:

ஆளை எண்ணாம எந்த ஈவென்ட்டையும் முடிக்கக்கூடாதுன்னு எழுத மறந்துட்டேன், அது என் தப்பு. கிளம்பினவங்க, வந்தவங்க, பாதியில நின்னவங்க, மூணு எண்ணும் ஒத்துப்போற வரைக்கும் கோட்டை கழட்டக்கூடாது. 58 வினாடியா 59 வினாடியாங்கறதை விட 57ஆ 58ஆங்கறதுதான் தூக்கம் கெடுக்கும். நம்பரை கேட்டு எழுதறப்ப எழுதினவர் திருப்பி சத்தமா சொல்லணும், அப்ப 23 எப்படி 28 ஆகும்னு பாக்கலாம். மத்தபடி நல்லா பண்ணியிருக்கே தம்பி.

புது_பெடல் எழுதியது:

நன்றி அக்கா. இன்னொரு சின்ன வேலை பாக்கி. வழிகாட்டி அம்புக்குறி எல்லாம் கழட்டிட்டோம், 31வது கிலோமீட்டர்ல மட்டும் ஒண்ணு விட்டுப்போச்சு, இந்த ஞாயிறு போய் எடுத்துட்டு வரணும். யார் கூட வர்றீங்க?

செயின்ஆயில் எழுதியது:

இருங்க, தண்ணி குடிச்சிட்டு இருக்கேன்.